வாத்தியம் இழந்தோர் உதவிக் கச்சேரி

திண்டுக்கல்லில் அந்தக் காலத்தில் தண்ணீருக்குத்தான் பஞ்சம். கமிட்டிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. தெருக்குழாயடியில் குடங்கள் வரிசையாய்க் காத்துக் கிடக்கும். அதே தெருவில் ஒரு மாடியில் குடிநீர் அபிவிருத்திக் கமிட்டி கூடி, ஆளுக்கொரு சோடா குடித்துவிட்டுக் கலையும். மாட்டுத்தாவணிக்கு ஒரு கமிட்டி, மணிக்கூண்டுக்கு ஒரு கமிட்டி, கமிட்டிகளுக்குள் தகராறு வந்தால் தீர்த்துவைக்க இன்னொரு கமிட்டி. கிராமியக் கலைக்கு மட்டும் கமிட்டி இல்லாதது பெரிய மனிதர்களுக்கு ஒரு மனக்குறையாகவே இருந்து, அறுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் தீர்ந்தது.

தலைவர் ராயப்பராஜ் ஓய்வு பெற்ற தாசில்தார். முப்பத்தொரு வருஷம் கையெழுத்துப் போட்ட கை, வீட்டில் சும்மா இருக்கமாட்டாமல் பால்காரன் அட்டையில்கூட முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சகிக்காமல்தான் நண்பர்கள் அவரைத் தலைவராக்கினார்கள் என்று சொல்வார்கள். காரியதரிசி ஸ்தனிஸ்லாஸ் நல்ல மனிதர். விதி அனுமதித்தால் யாருக்கும் எந்த உதவியும் செய்வார். விதி அனுமதித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

கமிட்டியின் முதல் சாதனை, நத்தம் சாலையில் புறம்போக்கு மேட்டில் அமைத்த கலைப் பூங்கா. திறந்த வெளியில் பதினோரு சிமெண்டுச் சிலைகள். குடம் சாய்த்து நிற்கும் பெண்ணின் குடத்துக்குள் குழாய் பதித்திருந்தார்கள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. ஏர் பிடிக்கும் விவசாயி பூட்ஸ் போட்டிருந்தார். சிற்பி அதற்கு முன்பு சிப்பாய்ச் சிலைகள் செய்துகொண்டிருந்தவராம்.

இரண்டாவது சாதனைக்குக் காரணம் மழை. அந்த ஐப்பசியில் சாணார்பட்டிப் பக்கம் ஓடைகள் கரை புரண்டு, கோழி, குதிர், பாத்திரம் பண்டத்தோடு உருமி, பம்பை, தவில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயின. பத்திரிகையில் நாலு வரி செய்தி வந்தது. கமிட்டி மூன்று மாதம் மனம் கலங்கி, பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘வாத்தியம் இழந்த கிராமியக் கலைஞர் உதவிக் கச்சேரி’ நடத்துவதென்று தீர்மானித்தது. டிக்கெட்டு வாங்குகிற சனங்களுக்கு எதை இழந்தார்கள் என்று தெரிய வேண்டாமா? ஆகவே வாத்தியக் கண்காட்சியும் உண்டு. ஆனால் எல்லா வாத்தியமும் வெள்ளத்தோடு போய்விட்டபடியால் காட்சிக்கு வைக்க ஒன்றும் அகப்படவில்லை. ஜீப் மூன்று நாள் கிராமம் கிராமமாக அலைந்து, நாலாம் நாள் ஆவாரம்பட்டியில் சின்னக்கண்ணு வீட்டு வாசலில் வந்து நின்றது.

சின்னக்கண்ணுவின் உருமி பிழைத்தது அவன் சாமர்த்தியத்தால் அல்ல. அவன் மனைவி கருப்பம்மாளின் முன்யோசனையால். மழை வலுத்ததுமே அதைத் தூக்கி மச்சில் ஏற்றிவிட்டாள். காரணம் சங்கீதப் பற்று இல்லை. ஆவாரம்பட்டி அம்மன் கோயிலுக்கு உருமி வாசிக்கிறவனுக்கு ஓடைக்கரையில் இரண்டு குறுக்கம் நிலம் உண்டு. பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. பங்குனிக் கும்பிடன்று கோயில் வாசலில் சொந்த உருமியோடு எவன் நிற்கிறானோ, அந்த வருஷம் அந்த நிலத்தை உழ அவனுக்குத்தான் உரிமை. இருபது வருஷமாகச் சின்னக்கண்ணு நின்றான். வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள்.

“நாலே நாள்தான். ஞாயித்துக்கிழமை கச்சேரியிலே நீயும் ஒரு அஞ்சு நிமிஷம் வாசி. முடிஞ்சதும் கையிலே வாங்கிக்கிட்டுப் போயிரு” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“செவ்வாக்கெழமை ஊருக்குள்ள உருமி அடிச்சுக் கும்பிடுக்குச் சாட்டணுங்கய்யா” என்றாள் கருப்பம்மாள். “உருமி இல்லாட்டி எங்களுக்கு வயக்காடு இல்ல.”

“அதுக்குத்தானம்மா கமிட்டியே பாடுபடுது. உருமி இல்லாதவங்களுக்கு உருமி கொடுக்கணும்னுதான் இந்த உருமியைக் கேக்குறோம்.”

சின்னக்கண்ணு இந்தப் பேச்சை மனசுக்குள் முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தான். எங்கேயோ இடித்தது, எங்கே என்று தெரியவில்லை. அதற்குள் உருமி ஜீப்பில் ஏறிவிட்டது. கையில் ஒரு ரசீது இருந்தது. ‘தோல் பொருள், ஒன்று’ என்று எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வெளுத்து வைத்திருந்த ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு பகல் பஸ்ஸில் போய் இறங்கினான். பூங்காவுக்கு மூன்று வாசல் வைத்திருந்தார்கள்: கலைஞர், பயனாளி, பொதுமக்கள். கலைஞர் வாசலில் ஸ்தனிஸ்லாஸே நின்றார்.

“யாருப்பா நீ?”

“உருமிக்காரனுங்க. ஆவாரம்பட்டி.”

“உருமி எங்கே?”

“உள்ள இருக்குதுங்க. நீங்கதான் ஜீப்புல கொண்டாந்தீக.”

“உள்ளே இருக்கிறது கண்காட்சிப் பொருள். உன் கையிலே இருந்தாத்தான் அது வாத்தியம். வாத்தியம் இல்லாதவரைக் கலைஞர் வாசலிலே விட விதியில்லை. நீ அந்தப் பக்கம் போய்ப் பயனாளி வரிசையிலே நில்லு.”

பயனாளி வாசலுக்குப் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் மறுபடியும் ஸ்தனிஸ்லாஸ். கமிட்டியில் வேலை செய்கிறவர் அவர் ஒருவர்தான். பாரம் ஒன்றை எடுத்து நிரப்பத் தொடங்கினார்.

“வாத்தியம் எப்படி இழக்கப்பட்டது? வெள்ளமா, தீயா, கரையானா?”

“கமிட்டி கொண்டுபோச்சுங்க.”

ஸ்தனிஸ்லாஸ் பாரத்தை மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “அதுக்குக் கட்டம் இல்லையேப்பா” என்று சொல்லிவிட்டு, வெள்ளம் என்ற இடத்தில் குறி போட்டு, அடியில் அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஜீப்பும் ஓடை வழியாகத்தான் வந்தது என்பதால் சின்னக்கண்ணு மறுக்கவில்லை.

உள்ளே விடுமுன் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கிராமியக் கலைஞர் சட்டை போட்டிருந்தால் டிக்கெட்டு வாங்கி வந்தவர்கள் ஏமாற்றம் அடைவார்களாம். அவனைப்போல் இன்னும் ஆறு பேர் சட்டையில்லாமல் மேடை ஓரத்தில், கயிறு கட்டிய இடத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னக்கண்ணு உட்காரவில்லை. தன் உருமியைத் தேடிக்கொண்டு சிலைகளுக்கு நடுவே போனான்.

குடம் சாய்த்த பெண்ணுக்கும் பூட்ஸ் விவசாயிக்கும் இடையில், ஒரு பீடத்தின்மேல் உருமி இருந்தது. கட்டை, கயிறு, இரண்டு பக்கத்துத் தோல் எல்லாம் ஒரே பச்சை. பளபளவென்று பச்சை. வலது தோலின்மேல் வெள்ளையில் 27 என்று நம்பர் போட்டு, ‘உபயம்: கமிட்டி’ என்றும் எழுதியிருந்தது.

பக்கத்தில் வர்ணச் சட்டியும் கையுமாக நின்ற சோலைமுத்து, “பூங்காவுல கெடக்குற அம்புட்டுக்கும் துருப்பிடிக்காம பெயிண்டு அடிக்கச் சொன்னாகண்ணே” என்றான். “படுத்துக் கெடந்த நாயை மட்டும் எழுப்பிவிட்டுட்டு அடிச்சேன்.”

தோல்மண்டி மைதீன் பிச்சையும் அங்கே நின்றிருந்தார். உருமிக்கு இத்தனை வருஷமாகத் தோல் கொடுத்தவர் அவர்தான். கமிட்டி அவர் தலையில் பத்து டிக்கெட்டைக் கட்டிவிட்டதால் ஒன்றையாவது கிழிப்போம் என்று வந்திருந்தார். குனிந்து தோலை மோந்து பார்த்தார், விரலால் சுண்டிப் பார்த்தார்.

“எனாமல். ரெண்டு பூச்சுப் பூசியிருக்கான்.” நிமிர்ந்து சின்னக்கண்ணுவைப் பார்த்தார். “தோலு செத்துப்போச்சு அப்பு. இனி இதுல தண்ணி புடிச்சு வைக்கலாம்.”

“செவ்வாக்கெழமை சாட்டு, ராவுத்தரே.”

“தெரியும். கட்டையை எடுத்துக்கிட்டு இன்னைக்கே மண்டிக்கு வா. ராவோட ராவா தோலை மாத்திருவோம். காசு கெடக்கு, பெறகு பாத்துக்கலாம்.”

சின்னக்கண்ணுவுக்கு இந்த இடத்தில் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையைத் தலைக்கு வைத்து நெடுநேரம் தூங்கி எழுந்தால் கை மரத்துக் கிடக்குமே, அதுபோல மனசு கிடந்தது. கிள்ளினால் உறைக்காது போலிருந்தது. ஒலிபெருக்கியில் பயனாளிகளைக் கயிற்றுக்குள் வரச் சொன்னார்கள். போய் உட்கார்ந்தான்.

ராயப்பராஜ் பேச எழுந்தார்.

“பெரியோர்களே, நான் இந்தக் கிராமிய இசையைக் கேட்டதில்லை. ஆயினும் உயிருக்குயிராய் நேசிக்கிறேன். என் முப்பத்தொரு வருஷ சர்வீஸில், உருமியும் தப்பும் அடிக்கக் கூடாதென்று நூற்றுப் பதினாலு உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தக் கலையோடு இவ்வளவு நெருங்கிய தொடர்புள்ளவர் இந்த ஜில்லாவில் வேறு யார் இருக்கிறார்? அதன் சக்தியை உணர்ந்ததால்தான் தடுத்தேன். தடுத்ததால்தான் அது அருகிப் போனது. அருகிப் போனதால்தான் அதைக் காக்க வேண்டுமென்ற எண்ணம் எனக்குள் பிறந்தது. ஆக, முதலிலிருந்தே நான் அதற்குத்தான் பாடுபட்டு வந்திருக்கிறேன்.”

கைதட்டல் ஓயச் சற்று நேரம் ஆயிற்று. அடுத்து, இதற்கென்றே பட்டணத்திலிருந்து முதல் வகுப்பில் வந்திருந்த ஆராய்ச்சி அறிஞர்.

“இந்த இசை நம் வேர். வேர் மண்ணுக்குள் இருக்க வேண்டியது. மேலே எடுத்தால் வாடிப்போகும். ஆகவே இந்தக் கலைஞர்கள் இருக்கும் இடத்திலேயே, இருக்கும் நிலையிலேயே இருக்க வேண்டும் என்று அவர்களைக் கைகூப்பி வேண்டிக்கொள்கிறேன். என் மகனை நான் இதில் விடவில்லை. அவன் வீணை படிக்கிறான். எல்லோரும் வேரில் போய் நின்றால் வேர் என்னத்துக்கு ஆகும்?”

கயிற்றுக்குள் இருந்த ஏழு பேரும் இருக்கும் இடத்திலேயே இருந்தார்கள். எழுந்து போக வழியும் இல்லை.

பேச்சுகள் மொத்தம் ஒன்பது. அதன்பின் கச்சேரி. கூட்டுறவு பாங்கிச் சிப்பந்திகள் பட்டுத் தலைப்பாகை கட்டி, கரியால் மீசை வரைந்துகொண்டு, ஆர்மோனியப் பெட்டியோடு வந்து ஒரு நாற்று நடவுப் பாட்டைப் பாடினார்கள். நாற்று நடுகிறவர்கள் நடுநடுவே கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டார்கள். எந்த ஊரில் இப்படிப் பாடுகிறார்கள் என்று சின்னக்கண்ணு யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு முடிந்துவிட்டது. கச்சேரி அவ்வளவுதான்.

கடைசி அம்சம், தகுதிச் சோதனை. புது வாத்தியம் பெறப்போகிறவர் மெய்யாகவே கலைஞர்தானா என்று நிச்சயம் செய்ய, ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம் வாசித்துக் காட்ட வேண்டும். வாத்தியமில்லாத ஆறு பேரும் வாத்தியமில்லாத காரணத்தால் தள்ளுபடி ஆனார்கள். சின்னக்கண்ணுவின் முறை வந்தபோது ஸ்தனிஸ்லாஸ் பரிவோடு இருபத்தேழாம் நம்பரைப் பீடத்திலிருந்து எடுத்து வரச் செய்தார்.

“இது வாசிக்காதுங்க” என்றான் சின்னக்கண்ணு.

“உனக்கு வாசிக்கத் தெரியாதா?” என்று கேட்டார் ராயப்பராஜ்.

“எனக்குத் தெரியும் சாமி. அதுக்கு உசுரு போயிருச்சு.”

“விதிப்படி ஒரு நிமிஷம் வாசித்தாக வேண்டும்.”

உருமியைத் தோளில் மாட்டினான். வளைந்த குச்சியை இடது தோலில் வைத்து, இருபது வருஷமாகச் சாமியைக் கூப்பிட்ட அதே அழுத்தத்தோடு இழுத்தான். குச்சி வழுக்கியது. வலது பக்கம் அடித்தான். கோணிச் சாக்கில் அடித்தாற்போல் இருந்தது. மறுபடி இழுத்தான், மறுபடி அடித்தான். ஒலிபெருக்கி அவன் மூச்சு வாங்குவதை மட்டும் பூங்கா முழுக்கக் கேட்க வைத்தது. மூன்றாவது வரிசையில் மைதீன் பிச்சை தலையைக் குனிந்துகொண்டார். சின்னக்கண்ணுவுக்கு வெட்கமாக இருந்தது. யார் பண்ணிய காரியத்துக்குத் தான் வெட்கப்படுகிறோம் என்பது புரியவில்லை.

ஒரு நிமிஷம் ஆனதும் அறிஞர் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “கேட்டீர்களா? இசை தோன்றிய ஆதி நாளில் அது இப்படித்தான் இருந்திருக்கும். இதற்கு மேல் நான் என்ன சொல்ல” என்று சொல்லிவிட்டு மேலும் இருபது நிமிஷம் சொன்னார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. சின்னக்கண்ணு கலைஞன்தான் என்று ஏகமனதாகத் தீர்மானமாகி, புது உருமி ஒன்று அனுமதிக்கப்பட்டது.

“புதுசு எப்பங்க கெடைக்கும்?”

“தகவல் வரும்” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“அதுவரைக்கும் எங் கட்டையையாச்சும் குடுங்கய்யா. தோலை மாத்திக்கிறேன். இந்தா ரசீது.”

ஸ்தனிஸ்லாஸ் ரசீதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “தோல் பொருள் என்று போட்டிருக்கு. இது எனாமல் பொருள். பூங்காச் சொத்துலே நம்பரும் ஏறியாச்சு. அதுவும் போக, உன் உருமி வெள்ளத்திலே போயிருச்சுன்னு நீயே எழுதிக் கொடுத்திருக்கியேப்பா.”

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது ஆவாரம்பட்டியில் சாட்டு விழுந்தது. சாமி கும்பிடப் போகிறோம் என்று உருமி அடித்து ஊருக்கு அறிவிப்பதுதான் சாட்டு. அதன்பின் எட்டாம் நாள் கும்பிடு முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டியவன் அந்த வருஷம் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. இருபது வருஷமாக இதைத் தெருத்தெருவாய் அடித்துச் சொன்னவன் சின்னக்கண்ணு. இந்த வருஷம் நத்தத்திலிருந்து கூலிக்கு வந்த ஒருவன் அடித்துச் சொன்னான், சின்னக்கண்ணு வாசலில் நின்று கேட்டான். நன்றாகத்தான் அடித்தான்.

நாட்டாமை ஒச்சப்பன் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார். “சாட்டை எப்படியோ ஒப்பேத்தியாச்சு. அடுத்த செவ்வா கும்பிடுக்கு உருமியோட வந்து நின்னியன்னா வயக்காடு ஒனக்கு. இல்லாட்டி நிக்கிறவனுக்கு. சாமி காரியம். நான் என்ன செய்ய, சொல்லு.”

சனிக்கிழமை மத்தியானம் ஜீப் வந்தது. ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம் தாழக் கட்டியிருந்ததால் எல்லைக் கல்லுக்கு வெளியிலேயே நின்றது. சின்னக்கண்ணு ஓட்டமாய் ஓடிக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றான். ஜீப்பின் பின் ஸீட்டில் ஒரு புது உருமி இருந்தது. அடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று தோலைப் பார்த்ததுமே தெரிந்தது. ஆறு நாளாக மரத்துக் கிடந்த மனசில் முதல் முறையாக என்னமோ குறுகுறுத்தது.

“உத்தரவு ஆயிருச்சு. ஏறு” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“எங்கிட்டுங்க?”

“பூங்காவுக்கு. அங்கே வச்சுத்தான் கொடுக்கணும். போட்டோக்காரர் நாலு மணிக்கு வந்துருவார்.”

“சாட்டு விழுந்திருச்சுங்கய்யா. கல்லைத் தாண்டுனா கோயில் வாசலுக்கு என்னைய விடமாட்டாக. அங்க நிக்க முடியாட்டி இந்த உருமி எனக்கு எதுக்குங்க? இங்கனயே குடுத்துருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“பூங்காவுக்கு வெளியே கொடுக்க விதியிலே இடமில்லையேப்பா. இன்னிக்கு முப்பத்தொண்ணு, கணக்கு வருஷம் முடியுது. நாளைக்கு இந்த உத்தரவு செல்லாது.”

சின்னக்கண்ணு கையை நீட்டினான். கல்லுக்கு மேலாக நீட்டினால் உருமியைத் தொடலாம் போலிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

“இந்த எடத்தையே பூங்கான்னு நெனச்சுக் குடுங்கய்யா.”

“அப்படி நினைக்கிற அதிகாரம் தலைவருக்குத்தான் உண்டு.”

இதற்குள் ஒச்சப்பனும் வந்து சேர்ந்தார். ஸ்தனிஸ்லாஸ் அவரிடம் நயமாகவே கேட்டார். “ஒரு எட்டுத்தானே பெரியவரே. அவரை விடக் கூடாதா?”

“ஒரு எட்டோ நூறு எட்டோ, எல்லை எல்லைதானுங்களே. நீங்கதான் ஒரு எட்டு உள்ள வந்து குடுத்துட்டுப் போங்களேன்.”

“அது முடியாதுங்க.”

“அப்ப இதுவும் முடியாதுங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் மற்றவரைப் பிடித்துப் போயிற்று. கிராமத்தில் இவ்வளவு நிர்வாக ஒழுங்கு இருக்கும் என்று தான் எதிர்பார்க்கவே இல்லை என்று ஸ்தனிஸ்லாஸ் மனம்விட்டுச் சொன்னார். ஒச்சப்பன் அவருக்கு ஒரு சொம்பு மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

மோரைக் குடித்துவிட்டு ஸ்தனிஸ்லாஸ் ஒரு தாளை நீட்டினார். பைலை முடித்தாக வேண்டுமே. ‘மேற்படி பயனாளியாகிய நான் குறிப்பிட்ட நாளில் நேரில் ஆஜராகவில்லை என்பதை இதனால் ஒப்புக்கொள்கிறேன்’ என்று டைப் அடித்திருந்தது. தாளும் பேனாவும் எல்லையைத் தாண்டுவதற்கு எந்தப் பக்கத்து விதியிலும் தடையில்லை. சின்னக்கண்ணு கல்லின்மேல் தாளை வைத்து எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டான். குறுகுறுத்தது அடங்கிவிட்டது. ஜீப் திரும்பியபோது பின் ஸீட்டில் உருமி லேசாக உருண்டு, கம்பியில் பட்டு, கும்மென்று ஒரு சத்தம் கொடுத்தது. நல்ல சத்தம். நாலு மணிக்கு அதைப் போட்டோக்காரர் முன்னிலையில் கூட்டுறவு பாங்கிச் சிப்பந்திகள் பெற்றுக்கொண்டார்கள். அவர்கள் எப்போதும் சொன்ன நேரத்துக்கு ஆஜராகிறவர்கள்.

செவ்வாய்க்கிழமை கும்பிடு. கோயில் வாசலில் நத்தத்துக்காரன் நின்றான். சாமி வந்தது. யார் அடிக்கிறார்கள் என்று அது பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் நத்தத்துக்காரன் ஏர் பூட்டி ஓடைக்கரை நிலத்தில் இறங்கினான். சின்னக்கண்ணுவும் கருப்பம்மாளும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் அழவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு எல்லைக் கல்லுல வச்சு என்னத்தையா எழுதிக் குடுத்த?” என்று கேட்டாள் கருப்பம்மாள்.

“நான் வரலைன்னு.”

“அப்ப அங்க நின்னது ஆரு?”

சின்னக்கண்ணு அவசரப்படாமல் யோசித்துப் பார்த்தான்.

“அதத்தான் நானும் அன்னையிலருந்து யோசிக்கிறேன்” என்றான்.

நத்தத்துக்காரன் முதல் உழவுச் சால் ஓட்டி முடித்துவிட்டு மாட்டைத் திருப்பினான்.